நிறம் ஏற்றும் பட்டன்

ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே சம்பூர்ணம் எஸ்.டி.டி. பூத் திறந்தது 1995-ல். ஒரு கண்ணாடிக் கூண்டு, உள்ளே ஒரு ஸ்டூல், தலைக்கு மேலே சிவப்பு எண்கள் ஓடும் மீட்டர். பேச்சு வெளியே கேட்காமல் இருக்கத்தான் கண்ணாடி என்றார் கூண்டு செய்து கொடுத்த ஆசாரி. ஆனால் சிங்கப்பூருக்குப் பேசுகிறவன் சிங்கப்பூருக்கே கேட்கிற மாதிரி கத்தினால் கண்ணாடி என்ன செய்யும், பாவம்? வெளியே மேஜை போட்டு பில் கிழித்துக்கொண்டிருந்த சம்பூர்ணத்துக்கு, எந்த வீட்டில் பெண் தேடுகிறார்கள், குவைத்தில் சூப்பர்வைசர் என்று சொல்லிக்கொள்கிறவன் அங்கே உண்மையில் எதைச் சுமக்கிறான், எவன் ஜாதகத்தில் செவ்வாய், எவன் வாயில் சாராயம் என்கிற சகல சங்கதியும் கேட்காமலே காதில் விழுந்தது.

மூன்று வருஷம் வாயைத் திறக்கவில்லை. அவர் வாழ்க்கையில் அதுதான் பெரிய சாதனை என்று அவருடைய கணவர் ராசாங்கம் சொல்வார். ராசாங்கம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். எந்த பஸ்ஸையும் இரண்டு நிமிஷத்துக்கு மேல் நிற்கவிடாத மனிதர், மனைவி அவ்வளவு காலம் அடக்கிவைத்திருந்ததை ஆச்சரியமாகத்தான் பார்த்தார்.

அந்த விரதம் முறிந்தது வரதராஜன்பேட்டைக்காரர் ஒருவரால். அவர் கூண்டுக்குள் நின்றுகொண்டு, "எங்க தேடியும் பொண்ணுக்கு ஒண்ணும் அமையலடா தம்பி" என்று அழாத குறையாகக் கத்தினார். சம்பூர்ணத்துக்குப் பொறுக்கவில்லை. எழுந்து போய்க் கண்ணாடியைத் தட்டினார்.

"ஆண்டிமடம் ரோட்டுல முந்திரித் தோப்பு வெச்சிருக்காரே, அவரு மூணாவது பையனுக்குப் பார்த்துக்கிட்டுதான் இருக்காங்க. நேத்து இதே ஸ்டூல்ல உக்காந்துதான் பேசிட்டுப் போனாங்க."

அந்த மனிதர், "இருடா, வெச்சிடாத" என்று ரிசீவரைத் தொங்கவிட்டுவிட்டு, மீட்டர் ஓட ஓட வெளியே வந்து முழு விவரமும் கேட்டுக்கொண்டார். ஆவணியில் கல்யாணம் நடந்தது. மேடையில் மைக் பிடித்த யாரோ ஒருவர் சம்பூர்ணத்தைக் கூப்பிட்டு மாலை போட்டார். அந்த மாலைதான் காரணம். அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. கூண்டுக்குள் யார் நின்றாலும் இவர் கண்ணாடிக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

பிறகு செல்போன் வந்தது. 2004 வாக்கில் முந்திரி பொறுக்குகிறவர்கள் மடியில்கூட ஒன்று கூவியது. கூண்டு காலியானது. அதற்குள் ராசாங்கம் கயிறு கட்டி வேட்டி காயப்போட்டார். சம்பூர்ணம் அசரவில்லை. பத்து வருஷம் ஒட்டுக்கேட்ட தகவல் தலைக்குள் இருந்தது. போட்டோக்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு முழுநேரக் கல்யாணத் தரகராகக் கிளம்பிவிட்டார்.

லேப்டாப் வந்தது 2006-ல். சம்பூர்ணத்தின் தங்கை மகன் பிரசாத் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தான். புதிது வாங்கியதும் பழையதைப் பெரியம்மாவுக்குக் கொண்டுவந்து கொடுத்தான்.

"விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போட்டிருக்கேன் பெரியம்மா. வைரஸ் வராது. எல்லாப் போட்டோவையும் உள்ள ஏத்திட்டேன். தொறந்தீங்கன்னா நாதஸ்வரத்தோட ஒண்ணு ஒண்ணா வரும்."

"அந்த வாத்து என்னாத்துக்குடா?"

"வாத்து இல்ல, பென்குயின். அதுதான் லினக்ஸோட சின்னம்."

இடது மூலையில் 'எஃப்என்' என்று நீல எழுத்தில் ஒரு பட்டன் இருந்தது. அதை ஒரு விரலால் அமுக்கிக்கொண்டு மேல் வரிசையில் எஃப் ஐந்தைத் தொட்டால் திரை மங்கும். எஃப் ஆறைத் தொட்டால் பளிச்சிடும். பக்கத்துப் பட்டன்கள் சத்தத்துக்கு. இவ்வளவுதான் பிரசாத் கற்றுக்கொடுத்தது. மீதியைச் சம்பூர்ணமே கண்டுபிடித்தார்.

கண்டுபிடித்த இடம் ஏலாக்குறிச்சிப் பக்கம் ஒரு வீடு. மாப்பிள்ளை படத்தைப் பார்த்த பெண்ணின் தாய், "கறுப்போ?" என்று உதட்டைப் பிதுக்கினார். "வெளிச்சம் பத்தலம்மா" என்று சொல்லிவிட்டுச் சம்பூர்ணம் எஃப் ஆறை இரண்டு தட்டு தட்டினார். மாப்பிள்ளை மாநிறமானார். இன்னும் இரண்டு தட்டினார். கோதுமை நிறமானார். முப்பது வருஷம் வெயில் பாடுபட்டுச் செய்த வேலையைச் சம்பூர்ணம் ஒற்றை விரலால் கலைத்துவிட்டார்.

அன்றிலிருந்து அது அவருடைய தொழில் ரகசியம். ஆளுக்குத் தகுந்தபடி தட்டினார். தனக்குப் பிடிக்காத சம்பந்தம் என்றால் எஃப் ஐந்தைத் தட்டி, நல்ல சிவப்பான பையனையும் அடுப்புக்கரியாக்கிக் காட்டினார். பெண் வீட்டாருக்கு மட்டும்தான் இந்த வித்தை என்று நினைக்க வேண்டாம். மாப்பிள்ளை வீட்டுக் கெடுபிடி இன்னும் அதிகம் என்பதால் பெண்களுக்குக் கூடுதலாக ஒரு தட்டு.

சிக்கல் நேரில்தான். திரையில் கோதுமையாக இருந்தவர் காரை விட்டு இறங்கும்போது கேழ்வரகாக இறங்குவார். வாசலில் நிற்கும் பெண்ணின் தாய் முகம் சுருங்கும். சம்பூர்ணம் உடனே, "வெயில்ல வந்தாருல்ல, கன்னிப்போச்சு" என்பார். மழைக்காலத்தில், "பஸ்ல வந்த அழுக்கு. குளிச்சா போயிடும்" என்பார். சில இடங்களில் எடுபட்டது. பல இடங்களில் பஜ்ஜியோடு முடிந்தது.

ஐப்பசியில் லேப்டாப்புக்கு ஒரு நோய் வந்தது. பேட்டரி பாதி இருக்கும்போதே பொசுக்கென்று அணையும். அரியலூரில் ஒரு ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனார். கடைக்காரர் திறந்து பார்த்துவிட்டு, "பயாஸ் பழசுங்க" என்றார்.

"அப்படின்னா?"

"கம்ப்யூட்டர் முழிச்சதும் மொதல்ல எந்திரிக்கிறது அதுதான். அது எந்திரிச்சுதான் மத்ததையெல்லாம் எழுப்பும். புதுசு ஏத்திட்டா பேட்டரி கரெக்டா நிக்கும்."

ஏற்றினார். திரும்பப் போட்டதும் கம்பெனி பெயர் பளபளவென்று வந்தது. அவ்வளவுதான் பார்த்தார்கள். சம்பூர்ணத்துக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. மூடிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மறுநாள் காலை அவர் போனது அதே அரியலூரில் பாலசுந்தரம் வீட்டுக்கு. பாலசுந்தரம் சிமென்ட் ஏஜென்ட். மகள் சுகன்யா பி.எஸ்சி. கணக்கு முடித்து ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தாள். சம்பூர்ணம் கையில் வைத்திருந்த மாப்பிள்ளை பெரம்பலூர் சுரேஷ்குமார். டிராக்டர் விற்கிற கம்பெனியில் வேலை. கடைக்குள் உட்கார்ந்து விற்கிற வேலை இல்லை. வயலில் இறங்கி ஓட்டிக் காட்டி விற்கிற வேலை. நல்ல பையன், நல்ல குடும்பம், நல்ல கறுப்பு. பாலசுந்தரத்திடம் போனில், "நெறமா இருப்பாரு" என்று மட்டும் சம்பூர்ணம் சொல்லிவைத்திருந்தார். எந்த நிறம் என்று சொல்லவில்லை. அதனால் பொய் இல்லை என்பது அவர் கணக்கு. ஆறு தட்டாவது வேண்டியிருக்கும் என்று பஸ்ஸிலேயே முடிவு செய்துகொண்டார்.

அன்றைக்கு ஊர் முழுக்கக் கரண்ட் இல்லை. மாதம் ஒருமுறை லைன் வேலைக்காக நிறுத்துவார்களே, அது. பாலசுந்தரம், மனைவி கலியம்மாள், சுகன்யா மூவரும் விசிறியோடு உட்கார்ந்தார்கள். சம்பூர்ணம் லேப்டாப்பைத் திறந்தார். கம்பெனி பெயர் பளிச்சென்று வந்தது. எழுத்துகள் ஓடின. கடைசியில் லினக்ஸ் எழுந்து உட்கார்ந்ததுதான் தாமதம், திரை சாயங்காலம் ஆறரை மணியாகிவிட்டது.

பரவாயில்லை என்று நீல பட்டனை அமுக்கி எஃப் ஆறைத் தட்டினார். ஒன்றுமில்லை. மறுபடி தட்டினார். பொங்கலுக்குப் பறையடிப்பது போல அடித்தார். சுரேஷ்குமார் படம் வந்தது. வெள்ளைச் சட்டை ஒன்று வந்தது என்பதுதான் சரி.

கலியம்மாள் குனிந்து பார்த்தார். "ஏங்க, சட்டை மட்டும் தனியா நிக்குதே?"

"ஆஸ்பத்திரியில எக்ஸ்ரேன்னு ஒண்ணு குடுப்பானே, அது மாரி இருக்கு" என்றார் பாலசுந்தரம்.

அதற்குள் நாதஸ்வரம் ஆரம்பித்தது. போன தடவை கடைத்தெருவில் காட்டுவதற்காகச் சத்தத்தை உச்சத்தில் வைத்திருந்தார். குறைக்கிற பட்டனை அமுக்கினார். அதுவும் வேலை செய்யவில்லை. ஃபேன் இல்லை, டி.வி. இல்லை, மிக்ஸி இல்லை. செத்த அமைதியில் கிடந்த அந்தத் தெருவில் மல்லாரி பொங்கி வழிந்தது. பக்கத்து வீட்டு பரிமளா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே ஓடிவந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர்.

"சுகன்யாவுக்கு நிச்சயமா? ஒரு வார்த்தை சொல்லவே இல்லியேக்கா!"

"நிச்சயமும் இல்ல ஒண்ணும் இல்ல. இது மிஷினு" என்றார் கலியம்மாள்.

"மாப்பிள்ளை மிஷின் வேலையா?"

சம்பூர்ணம் வேர்த்து வழிய எல்லாப் பட்டனையும் அமுக்கிக்கொண்டிருந்தார். சுகன்யா எழுந்து வந்து லேப்டாப்பை இரண்டு கையாலும் தூக்கினாள். "இங்க வெளிச்சத்துல தெரியாது. இருட்டுல வெச்சாத்தான் தெரியும். நீங்களும் வாங்கத்த" என்று சாமான் அறைக்குள் கொண்டுபோய் அரிசி மூட்டைமேல் வைத்து, கதவையும் சாத்தினாள். எதையோ க்ளிக் செய்து நாதஸ்வரத்தை நிறுத்தினாள்.

ஜன்னல் இல்லாத அறை. கும்மிருட்டில் அந்த மங்கல் திரையே போதுமான விளக்காக இருந்தது. சுரேஷ்குமார் முகம் தெரிந்தது. ஒரு டிராக்டர் சக்கரத்தில் கை ஊன்றி, யாரோ சிரிக்கச் சொன்னதால் சிரித்துக்கொண்டிருந்தார்.

சுகன்யா நன்றாகப் பார்த்தாள். "இவரு கறுப்புதானே?"

அந்த இருட்டில் பொய் சொல்லச் சம்பூர்ணத்துக்கு ஏனோ வரவில்லை. தட்டுவதற்குப் பட்டனும் இல்லை.

"கறுப்புதான் பாப்பா. நல்ல கறுப்பு."

"வயசு?"

"சொன்னதுக்கு மேல ரெண்டு போட்டுக்க."

"அவங்க வூட்டுல என் வயசு என்னான்னு சொன்னீங்க?"

"அதுலயும் ரெண்டு எடுத்துட்டேன். கணக்கு சரியாத்தான் வரும். நீ கணக்கு டீச்சர்தான, பாரு."

சுகன்யாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நெறமா இருப்பாருன்னு ஏன் அத்த சொன்னீங்க? நீங்களும்தான் கறுப்பு. உங்களைப் பொண்ணு கேட்டு வந்தப்ப என்னா சொன்னாங்க?"

சம்பூர்ணம் அரிசி மூட்டையின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"ஒண்ணும் சொல்லல. ஸ்டூடியோவுக்குக் கூட்டிட்டுப் போயி, ஒரு டப்பா பவுடரையும் மூஞ்சில கொட்டிப் போட்டோ எடுத்தாங்க. போதாதுன்னு ஸ்டூடியோக்காரன் பிரஷ்ஷால வேற வெள்ளையடிச்சான். அதப் பார்த்துட்டுத்தான் எங்க வூட்டுக்காரரு வந்தாரு. அப்ப அவரு கண்டக்டரு. நான் காபி கொண்டுபோயிக் குடுத்தா, வாங்கிட்டு, 'சரி, பொண்ணக் கூப்புடுங்க'ன்னாரு."

"அய்யோ. அப்பறம்?"

"அப்பறம் என்னா? இதுதான் பொண்ணுன்னாங்க. ஒரு நிமிஷம் பார்த்தாரு. ஒரு நாள்தான் லீவு கிடைச்சிருக்கு, மறுபடியும் வர முடியாது, சரின்னுட்டாரு."

இருவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். வெளியே கலியம்மாள் கதவைத் தட்டினார். உள்ளே இருட்டில் தன் மகளும் தரகரும் என்னத்துக்குச் சிரிக்கிறார்கள் என்று அவருக்குப் பயமாகிவிட்டது.

சுகன்யா கதவைத் திறந்து அப்பாவிடம் சொன்னாள்: "கறுப்பா இருக்காருப்பா. வரச் சொல்லுங்க, பார்ப்போம்."

அன்று சாயங்காலம் சம்பூர்ணம் பிரசாத்துக்குப் போன் போட்டுக் கத்தினார். பூத் நடத்தியவர் அல்லவா. கத்துவதைச் சரியாகக் கற்றிருந்தார். அவன் பொறுமையாகக் கேட்டான்.

"பயாஸை மாத்திட்டாங்க பெரியம்மா, அதான். முன்னாடி நீங்க பட்டனை அமுக்கினா லினக்ஸ் வூட்டுல பெல் அடிக்கும். புதுசு போட்டவன் பெல்லு ஒயரை வேற வூட்டுக்கு இழுத்துட்டான். நீங்க அடிக்கிறீங்க, லினக்ஸ் பாவம், யாரும் வரலன்னு உள்ள உக்காந்திருக்கு."

"அந்த வேற வூடு யாரோடது?"

"விண்டோஸ்."

"அதான பார்த்தேன். இப்ப என்னா பண்றது?"

"நான் சொல்றதை எழுத்து எழுத்தா அடிங்க. மொதல்ல பாஸ்வேர்டு கேட்கும், அடிங்க."

"அடிக்கிறேன், ஒண்ணுமே வரலடா. ஒரு கட்டம்தான் துடிக்குது."

"வராது. ரகசியம்ல."

"எனக்கேவா?"

"ஆமா. அடிச்சிட்டு என்ட்டர் தட்டுங்க. இப்ப ஒரு சாய்ஞ்ச கோடு போடுங்க."

"ரெண்டு சாய்ஞ்ச கோடு இருக்கு. எது?"

"வலது பக்கம் சாய்ஞ்சது."

"உச்சி வலதுல சாய்ஞ்சதா, காலு வலதுல சாய்ஞ்சதா?"

இப்படியே ஒரு மணி நேரம் போனது. ஒவ்வொரு வரி முடிந்ததும் அப்படி எதுவும் இங்கே இல்லை என்று லினக்ஸ் ஆங்கிலத்தில் பதில் சொன்னது. பக்கத்தில் இருந்த ராசாங்கம், "உன்கிட்டயே இவ்வளவு சுருக்கமாப் பதில் சொல்லுதே, பெரிய ஆளுதான்" என்றார். கடைசியில் பிரசாத், பொங்கலுக்கு வரும்போது பார்த்துக்கொள்கிறேன் என்று வைத்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை சுரேஷ்குமார் பெண் பார்க்க வந்தார். கலியம்மாள் அதற்குள் சொந்தபந்தத்தையெல்லாம் தயார் செய்திருந்தார். "நல்ல வேலை, நல்ல பையன். ஆனா கொஞ்சம் இருட்டுதான். யாரும் மூஞ்சியச் சுளிச்சிடாதீங்க" என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருந்தார். நடு மதியம், உச்சி வெயில். கார் நின்றது. வாசலில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

சுரேஷ்குமார் இறங்கினார்.

"இது மாப்பிள்ளையோட தம்பியா?" என்றார் கலியம்மாள்.

"மாப்பிள்ளைதாம்மா" என்றார் சம்பூர்ணம்.

"எது, இவரா?" பாலசுந்தரம் முகம் மலர்ந்துபோனது. "அவ்வளவு ஒண்ணும் இல்லியே! மாநிறம்னே சொல்லலாமே!"

சம்பூர்ணம் பழக்கதோஷத்தில், "வெயில்ல வந்ததால..." என்று ஆரம்பித்து, சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். அவருடைய தொழில் வாழ்க்கையில் ஒரு மாப்பிள்ளை படத்தைவிட வெளுப்பாக வந்து இறங்கியது அதுதான் முதல் தடவை.

சுகன்யா காபி கொண்டுவந்தாள். சுரேஷ்குமார் வாங்கிக்கொண்டு, "டிராக்டர் ஓட்டத் தெரியுமா?" என்று கேட்டார். பதற்றத்தில் வாடிக்கையாளரிடம் கேட்பதையே கேட்டுவிட்டார். "ஸ்கூட்டி ஓட்டுவேன். அதுவும் பெட்ரோல்தானே" என்றாள் அவள். "டிராக்டருக்கு டீசல்ங்க" என்று அவர் அக்கறையாகத் திருத்தினார். அவளுக்குப் பிடித்துவிட்டது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. தையில் தேதி குறித்தார்கள்.

சம்பூர்ணம் இதிலிருந்து நல்ல பாடம் எதையும் படித்துவிடவில்லை. அவர் படித்தது வியாபாரம். பட்டன் செத்துப்போனதே லாபம் என்று, போகிற வீட்டிலெல்லாம் அந்த ஆறரை மணித் திரையையே காட்டினார். இரண்டு இடத்தில் பலித்தது. எதிர்பார்த்ததைவிட வெளுப்பாக வந்து இறங்கிய பிள்ளைகளைப் பார்த்துப் பெண் வீட்டார் பூரித்துப்போனார்கள். மூன்றாவது இடம் வரதராஜன்பேட்டை. அங்கே காட்டியது பெண்ணின் படம். பையனின் தாய் திரையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்துவிட்டு, "வூடு தெரியுது, செவுரு தெரியுது. பொண்ணு எங்க?" என்றார். "முன்னாடிதான் நிக்குது" என்று சம்பூர்ணம் சொல்லியும் நம்பவில்லை. தரகர் வெறும் சுவரைக் காட்டி ஏமாற்றப் பார்த்தார் என்று ஜெயங்கொண்டம் சந்தை வரைக்கும் பேச்சு வந்துவிட்டது.

பொங்கலுக்கு வந்த பிரசாத், கம்ப்யூட்டர் விழிக்கும்போது படிக்கிற ஏதோ ஒரு கோப்பைத் திறந்து ஒரு வரி சேர்த்தான். அணைத்துப் போட்டான். சம்பூர்ணம் நீல பட்டனை அமுக்கி எஃப் ஆறைத் தொட்டார். திரை விடிந்தது. மறுபடி தொட்டார். இன்னும் விடிந்தது. எஃப் ஐந்து, எஃப் ஆறு, எஃப் ஐந்து என்று குழந்தை ஸ்விட்ச் போட்டு விளையாடுவது போலப் போட்டுக்கொண்டே இருந்தார்.

"என்னா ஆச்சு அந்தப் பெல்லுக்கு?"

"புது பயாஸ் 'வூட்டுல யாரு?'ன்னு கேட்கும். லினக்ஸ் உண்மையச் சொல்லித் தொலைச்சிட்டிருந்துது. இப்ப 'விண்டோஸ்தான் இருக்கேன்'னு பொய் சொல்லச் சொல்லிட்டேன். அதான் பட்டன் எல்லாம் வேலை செய்யுது."

ராசாங்கம் மனைவியைப் பார்த்தார். "அதுக்கும் நீ கத்துக்குடுத்துட்ட" என்றார்.

தை மாதம் அரியலூரில் ஒரு மண்டபத்தில் கல்யாணம். மணமேடை ஒப்பனைக்காரர் சுரேஷ்குமாருக்கு அப்பிய பவுடரில் கழுத்துக்கு மேலே ஒருவரும் கழுத்துக்குக் கீழே வேறொருவருமாக இருந்தார். தாலி கட்டி முடித்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு அவர் நேராகச் சம்பூர்ணத்திடம் வந்தார்.

"ஒண்ணு கேட்கணுங்க. என்னையப் பத்தி இங்க என்னா சொல்லி வெச்சிருந்தீங்க?"

"ஏன், என்னா ஆச்சு?"

"ஒண்ணும் ஆவல. இதுக்கு முன்னாடி ஏகப்பட்ட வூட்டுக்குப் போயிருக்கேங்க. நான் கார்லேர்ந்து கால வெளிய வைக்கிறப்பவே பொண்ணோட அம்மா மூஞ்சி மாறும். அப்பறம் பஜ்ஜி தொண்டையில எறங்காது. திரும்பிப் போறப்ப எங்கம்மா வண்டியில ஒரு வார்த்தை பேச மாட்டாங்க. இந்த ஒரு வூட்டுலதாங்க, என்னையப் பார்த்ததும் எல்லாரும் சிரிச்சாங்க. எங்கம்மா ஊரு போயிச் சேர்ற வரைக்கும் அதையே சொல்லிட்டு வந்தாங்க."

அப்படிப்பட்ட வீடுகளில் எத்தனை தன் பட்டன் செய்த கைங்கரியம் என்று சம்பூர்ணத்துக்கு ஒரு கணம் மனதுக்குள் ஓடியது. "போங்க, போங்க, பொண்ணு தனியா நிக்குது பாருங்க" என்று அவரைத் திருப்பி அனுப்பிவிட்டு, கை கழுவுகிற குழாயடிக்குப் போய் முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டார்.

பந்தியில் இடம் பிடித்து வைத்திருந்த ராசாங்கம் எட்டிப் பார்த்தார். "என்னா, கண்ணெல்லாம் செவந்திருக்கு?"

"ரசத்துல காரம்."

"நீ இன்னும் சாப்பிடவே இல்லியே."

"சாப்பிடாமலே காரமா இருக்கு. தள்ளி உக்காருங்க" என்று இலையில் தண்ணீர் தெளித்தபடி சம்பூர்ணம் உட்கார்ந்தார்.